நிரம்பாத தொட்டி, வற்றாத கிணறு

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தோழர்களுக்கு,

விதிகளைப் படித்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். கழிவுநீர்த் தொட்டியின் சுவரும் தரையும் கசியக் கூடாது. கிணற்றுக்கும் அதற்கும் போதிய இடைவெளி வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒரு முறையாவது லாரி வைத்து உறிஞ்ச வேண்டும். இவற்றை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. பயிற்சி வகுப்பில் அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். பேச்சில் எனக்கு வரிசை தப்பும், எழுத்தில் தப்பாது. அதனால் எழுதித் தருகிறேன். சுகாதார ஆய்வாளராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவன் நான். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து தினமும் டயரி எழுதி வந்தேன். கீழே வருவதெல்லாம் அதில் உள்ளபடி.

திருவண்ணாமலையில் வீட்டுக்காரர்கள் ஆய்வாளரிடம் மூன்று பெருமைகள் சொல்வார்கள். பையன் வெளிநாட்டில் இருக்கிறான். மொட்டை மாடியில் நின்றால் மலை முழுசாகத் தெரியும். எங்கள் டேங்க் கட்டின நாளிலிருந்து நிரம்பியதே இல்லை. மூன்றையும் ஒரே குரலில்தான் சொல்வார்கள். மூன்றாவதைச் சொன்னவர்களில் படித்தவர்களும் உண்டு, அரசு ஊழியர்களும் உண்டு. பல வருடங்கள் நான் மூன்றுக்கும் ஒரே மாதிரி தலையாட்டி வந்தேன்.

சில வருடங்களுக்கு முன், ஒரு திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு, மல்லிகா என்ற அம்மாள் ஆபீசுக்கு வந்தார். கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைக்குச் சற்று முன்னால் டிபன் கடை வைத்திருப்பவர். கையில் ஒரு குளிர்பான பாட்டில், அதில் முக்கால் அளவுக்குத் தண்ணீர்.

“மோந்து பாருங்க சார்.”

மோந்து பார்த்தேன். நாற்றம் இருந்தது. எதன் நாற்றம் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. பாட்டிலில் முன்பு இருந்த ஆரஞ்சு பானமும் தன் பங்குக்கு மணத்தது.

“எத்தனை நாளா இப்படி?”

“ரெண்டு மாசமாவே லேசா இருந்துச்சு சார், பாசின்னு நெனச்சேன். இப்ப பதினஞ்சு நாளா ஜாஸ்தி. தெருவுல ரெண்டு புள்ளைங்களுக்கு வயித்தால போவுது. எங்க வீட்டுக்காரரும் படுத்துட்டாரு. வெள்ளிக்கெழம பௌர்ணமி. அதுக்குள்ள வந்து ஏதாச்சும் மருந்து போட்டுக் குடுத்துடுங்க, போதும்.”

பௌர்ணமி என்றால் என்ன என்று வெளியூரிலிருந்து வந்திருக்கும் உங்களில் சிலருக்குச் சொல்லிவிடுகிறேன். அன்று மலையைச் சுற்றுகிற கூட்டம் அந்தக் கடை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். மாதத்தில் அவருடைய கடை முழுதாக ஓடுவது அந்த ஒரு நாள். இட்லி மாவு, சட்னி, டீ, தண்ணீர் ஜாடி எல்லாவற்றுக்கும் அந்தக் கிணறுதான்.

நான் மனுவை எழுதிக்கொள்ள ஆரம்பித்ததும் அவர் மேசை மேல் கை வைத்தார்.

“கெணறுன்னு எழுதாதீங்க சார். தண்ணின்னு மட்டும் எழுதுங்க.”

“ஏம்மா?”

“கெணறுன்னு எழுதுனா சீல் வெச்சுடுவீங்க. தண்ணிக்கு எப்படி சீல் வெப்பீங்க?”

தண்ணீர் என்றே எழுதினேன்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு நேரில் போனேன். வீட்டுக்குப் பின்னால் கல் கட்டிய வட்டக் கிணறு, பதினெட்டு அடி ஆழம். ஆறு அடிக்குத் தண்ணீர் நின்றது. பங்குனி வெயிலில் அந்தப் பக்கத்துக் கிணறுகள் அடி காட்டிக்கொண்டிருந்தன. ஆச்சரியமாகக் கேட்டேன். மல்லிகாவின் முகம் சற்று மலர்ந்தது.

“முன்னல்லாம் பங்குனி வந்தா இதுவும் காஞ்சுடும் சார். ஆறு வருஷமா வத்துனதே இல்ல. அதோ, அந்த மேல் பக்கத்துப் பாறை இடுக்குலேர்ந்து ஊத்து வருது பாருங்க. வருஷா வருஷம் கெணத்தாண்ட பொங்கல் வெச்சுடுவேன்.”

‘வற்றாத கிணறு, ஆறு வருடமாக’ என்று குறித்துக்கொண்டேன்.

கிணற்றுக்கு மேல் பக்கம், மதில் தாண்டி மேட்டில், எட்டு அறைகள் கொண்ட ஒரு தங்கும் விடுதி. வெளிநாட்டுக்காரர்களும் வெளி மாநிலத்தாரும் வந்து மாதக்கணக்கில் தங்கும் இடம். சொந்தக்காரர் வாசலுக்கே வந்து வரவேற்றார்.

“வாங்க சார், நீங்க கையெழுத்து போட்ட எடமாச்சே இது!”

உண்மைதான். கட்டி முடித்தபோது தொட்டியைப் பார்த்துச் சான்று கொடுத்தவன் நான். அந்தச் சான்றை லேமினேட் செய்து வரவேற்பறையில் மாட்டியிருந்தார். எங்கள் ஆபீஸ் காகிதத்துக்கு மாலை போட்டு நான் பார்த்தது அங்கே மட்டும்தான்.

“டேங்க் எப்படி இருக்கு?”

“ஆறு வருஷம் ஆச்சு சார். ஒரு வாட்டி லாரி கூப்ட்டதில்ல. ஏழுமலை மேஸ்திரி கை ராசி அப்படி.”

ஏழுமலை மேஸ்திரியை எனக்கும் தெரியும். சுத்தமான வேலைக்காரர். ஊரில் பாதித் தொட்டிகள் அவர் கட்டியவை.

“மூடி எங்கே?”

“தியானக் கொட்டாய்க்குக் கீழ சார். மேல டைல்ஸ் போட்டுட்டோம்.”

கொட்டகையில் அப்போது ஒன்பது பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். தொந்தரவு செய்யாமல் டேப்பைப் பிடித்தேன். கொட்டகை ஓரத்திலிருந்து கிணற்று விளிம்பு வரை ஐம்பத்தாறு அடி. ஐம்பது இருந்தால் போதும். விதி நிறைவேறியிருந்தது. சீசன் என்பதால் இரண்டு மாதமாக ஆட்கள் கூடி, பதினைந்து நாளாக எட்டு அறையும் நிரம்பியிருப்பதாக விடுதிக்காரர் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டேன்.

திரும்பி வந்து மல்லிகாவிடம் பிளீச்சிங் பவுடர் போடும் அளவைச் சொல்லிக் கொடுத்தேன். கிணற்றிலிருந்து பன்னிரண்டு அடியில் கட்டியிருந்த அவருடைய இரண்டு ஆடுகளைக் காட்டி, அதுதான் காரணமாக இருக்கலாம் என்றேன்.

“ஆடு வாங்கி ஒரு மாசம்கூட ஆவல சார். நாத்தம் ரெண்டு மாசமா வருது.”

அதையும் எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்துங்கள். அன்று என் நோட்டில் இருந்தவை: ஆறு வருடமாக வற்றாத கிணறு. ஆறு வருடமாக நிரம்பாத தொட்டி. பதினைந்து நாளாக நிரம்பிய அறைகள், பதினைந்து நாளாக அதிகரித்த நாற்றம். நான்கும் ஒரே பக்கத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக, நல்ல கையெழுத்தில். அந்தப் பக்கத்துக்குக் கீழே நான் எழுதியிருந்த முடிவு: ‘ஆடுகளை அப்புறப்படுத்த அறிவுறுத்தப்பட்டது.’

செவ்வாய்க்கிழமை காலை, கழிவுநீர் லாரி ஓட்டுநர் ஒருவர் லாரி நடைகளைக் குறிக்கும் புத்தகத்தில் கையெழுத்து வாங்க வந்தார். எத்தனையோ அதிகாரிகளிடம் பயிற்சி பெற்றிருக்கிறேன். இந்தத் தொழிலில் எனக்கு உருப்படியாகக் கற்றுக்கொடுத்தவர் அந்த ஓட்டுநர். என்னைவிட இருபது வயது சின்னவர். என் மேசையில் பாட்டிலைப் பார்த்துவிட்டு எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னேன்.

“அந்தத் தெருவுல பதினோரு வீடு சார். பத்து வீட்டு மூடி எங்க இருக்குன்னு கண்ண மூடிக்கினு சொல்லுவேன். அந்த லாட்ஜு மூடி மட்டும் நான் பாத்ததே இல்ல.”

“வேற லாரி கூப்பிட்டிருப்பாங்க.”

“அந்தப் பக்கம் ஓடுறது மொத்தம் மூணு வண்டி. மூணு பேரும் ஒரே டீக்கடை.” கையெழுத்து காயட்டும் என்று புத்தகத்தை ஊதினார். “எட்டு ரூமு, ஆறு வருஷம். சாப்பிடாமலா சார் தங்கறாங்க? வெறும் பழமா தின்னாலும் இவ்ளோ நாள்ல ரெண்டு லோடு தேறணுமே.”

நான் பாட்டிலைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

“என்னைக் கூப்பிடுற வீட்ட நீங்க போய் பாக்கறீங்க, நாத்தம்னு. கூப்பிடாத வீட்ட பாருங்க சார். அது எங்கயோ போவுது இல்ல?”

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் ஆறு வருடத்துக்கு முந்தைய டயரியை எடுத்தேன். ஒரு வியாழக்கிழமைப் பதிவு. அப்படியே தருகிறேன்: ‘பகல் 12.20. விடுதி, புதிய தொட்டி. நீர் நிரப்பிச் சோதனை. நீர் மட்டம் மேல் கோடு வரை உள்ளது. ஹோஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. திருப்தி. கையெழுத்து இட்டேன். மோர் கொடுத்தார்கள்.’

சோதனை என்பது என்ன? தொட்டியை நிரப்பி, தண்ணீரை நிறுத்தி, கோடு போட்டு, மறுநாள் வந்து பார்ப்பது. ஹோஸ் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் நீர் மட்டம் மேல் கோட்டில் நிற்பதற்குத் தொட்டி வேண்டியதில்லை, சல்லடையே போதும். நான் ஹோஸைப் பார்த்திருக்கிறேன், அது ஓடுவதை எழுதியிருக்கிறேன், மோரையும் விடாமல் எழுதியிருக்கிறேன். நிறுத்தச் சொல்லவில்லை. மறுநாள் போகவும் இல்லை.

அன்று எனக்கு வழிகள் இரண்டு இருந்தன. ஆடு என்று எழுதியது எழுதியபடி இருக்கட்டும் என்று விடலாம். கடைக்காரம்மாவே மருந்து போதும் என்றுதான் கேட்டார். அல்லது மூடியைத் திறக்கலாம். திறந்தால் உள்ளே என் கையெழுத்தும் கிடக்கும். நான் உடனே முடிவு செய்தேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். சாப்பிட்டேன், செய்தி பார்த்தேன், பிறகு அந்த இரண்டு பிள்ளைகளின் வயது என்ன என்று கேட்காமல் வந்துவிட்டது நினைவுக்கு வந்தது. எல்லாவற்றையும் கேட்டு எழுதுகிறவன் அதைக் கேட்கவில்லை. ஓட்டுநருக்குப் போன் செய்து காலை ஒன்பதரைக்கு வரச் சொன்னேன்.

புதன்கிழமை விடுதிக்காரர் கொட்டகை வாசலில் குறுக்கே நின்றார்.

“டைல்ஸ உடைக்கணுமா? சார், பௌர்ணமிக்கு எட்டு ரூமும் புக்கிங். நீங்க குடுத்த சர்டிபிகேட்தான மாட்டியிருக்கேன்!”

“அதை நம்பித்தான் சார் நானும் இத்தனை நாள் இருந்தேன்” என்றேன்.

அவர் ஏழுமலை மேஸ்திரிக்குப் போன் போட்டார். மேஸ்திரி வந்து, தன் வேலையைத் தானே உடைப்பதில் ஒரு மரியாதை இருக்கிறது என்பது போல, அவரே உளி பிடித்து நான்கு டைல்ஸ் எடுத்தார். மூடி திறந்தது. லாரிக் குழாய் உள்ளே போனது. பத்து நிமிடத்தில் காற்றை இழுக்க ஆரம்பித்தது. ஓட்டுநர் மீட்டரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“கால் லோடுகூட இல்ல சார்.”

மேலிருந்து பார்த்தால் அடி தெரியவில்லை. மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டினார்.

“ஒரு நிமிஷம் எறங்கி பாத்துட்டு வந்துடறேன் சார்.”

“யாரும் இறங்கக் கூடாது.”

“அவரே எறங்கறேன்றாரு, உங்களுக்கு இன்னா சார்?” என்றார் விடுதிக்காரர். “அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடும்.”

முடிந்துதான் இருக்கும். எது என்பதுதான் கேள்வி. காலியான தொட்டி காலியானது அல்ல, உள்ளே வாயு நிற்கும். எவ்வளவு அவசரமானாலும், எத்தனை பேர் சுற்றி நின்று கத்தினாலும், இந்த ஒரு இடத்தில் நீங்கள் யோசிக்கவே கூடாது. இறங்கக் கூடாது என்றால் கூடாது. விடுதிக் குளியலறையிலிருந்து ஒரு கண்ணாடியைக் கழற்றி வரச் சொன்னேன். கொட்டகைக்கு வெளியே வெயிலில் அதைச் சாய்த்துப் பிடித்து, வெளிச்சத்தை வாய் வழியாக உள்ளே விட்டோம்.

நான்கு சுவரும் அருமையான பூச்சு. தரை இல்லை. வெறும் பாறை. பாறையின் குறுக்கே, கையை நுழைக்கும் அகலத்தில், கீழ்ப் பக்கமாக ஒரு வெடிப்பு. ஆறு வருடத்துக்கு முன் மண் அடைத்து மெலிதாக இருந்திருக்கும், ஹோஸ் ஈடுகொடுத்திருக்கிறது.

விடுதிக்காரர் மட்டும் விடவில்லை. “பாறை இருந்தா இன்னா சார்? அது அந்தம்மா கெணத்துக்குத்தான் போவுதுன்னு எப்படி சொல்லுவீங்க?”

நியாயமான கேள்வி. ஒரு டேங்கர் நல்ல தண்ணீர் வரவழைத்தேன். மல்லிகாவைக் கிணற்றங்கரையில் நிற்கச் சொல்லி, அந்த ஊற்றையே பார்த்துக்கொண்டிருக்கும்படி சொன்னேன். காலை பதினொன்று பத்துக்குத் தண்ணீரைத் திறந்தோம். உள்ளே விழுந்தது தேங்காமல் சுழன்று போய்க்கொண்டே இருந்தது. பதினொன்று முப்பத்தொன்றுக்கு மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

“சார்! ஊத்து பொங்கி வருது சார்! எப்பவும் இல்லாத மாதிரி வருது!”

குரலில் இருந்தது சந்தோஷம். பிறகு மதிலுக்கு மேல் அவருடைய தலை தெரிந்தது. ஏதோ கல்லின் மேல் ஏறி நின்றிருக்க வேண்டும். திறந்த மூடியையும், டேங்கர் குழாயையும், எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதுக்கா நான் ஆறு வருஷமா பொங்கல் வெச்சேன்?”

ஓட்டுநர் தலையைக் குனிந்து குழாயைச் சுற்ற ஆரம்பித்தார்.

விடுதிக்காரர் மேஸ்திரி பக்கம் திரும்பினார். “தரை எங்கய்யா?”

ஏழுமலை மேஸ்திரிக்குக் கோபம் வந்ததே தவிர, வெட்கம் வரவில்லை. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

“தரை போட்டா சீக்கிரம் ரொம்பிடும் சார். லாரி, நாத்தம், வீட்டுக்காரங்க என்னைத்தான் திட்டுவாங்க. பாறையில வெடிப்பு பாத்து வாய் வெச்சா ஆயுசுக்கும் ரொம்பாது. அதுக்கு ஒரு கண்ணு வேணும். எல்லாருக்கும் அப்படி செய்ய மாட்டேன், வேண்டியவங்களுக்கு மட்டும்தான்.” பிறகு என்னைக் கை காட்டினார். “சார் வீட்டுக்கும் அப்படித்தான போட்டுக் குடுத்தேன். பதினாலு வருஷம் ஆச்சு. கேளுங்க, ஒரு நாள் லாரி கூப்ட்டாரா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூப்பிட்டதில்லை. அதை எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். மேலே பட்டியலில் அரசு ஊழியர் என்று எழுதினேனே, அது நான்தான்.

ஓட்டுநர் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

“அட்ரஸ் சொல்லுங்க சார்.”

சொன்னேன். சனிக்கிழமை என்று குறித்துக்கொண்டார்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விடுதியை அன்றே மூடச் சொல்லி உத்தரவு கொடுத்தேன். தரை போட்டு, தண்ணீர் நிறுத்தி, மறுநாளும் பார்த்த பிறகுதான் திறப்பு. அங்கே தங்கியிருந்தவர்களை விடுதிக்காரர் செங்கம் ரோட்டில் வேறு இடங்களுக்கு மாற்றினார். கிணற்றுக்கும் சீல் வைக்க வேண்டியிருந்தது. அதுதான் கடினம்.

“மனு குடுத்தவ நானு. எனக்கே பூட்டா சார்? நாளான்னிக்கு பௌர்ணமி. நான் இன்னா பண்ணுவேன்?”

உத்தரவில் ஒரு வரி சேர்த்தேன்: கிணறு தேறும் வரை கடைக்கும் அந்தத் தெருவுக்கும் தேவையான குடிநீரை விடுதி உரிமையாளர் தினமும் தர வேண்டும். இப்படி ஒரு வரி எழுத எனக்கு அதிகாரம் இருந்ததா என்று இன்றும் தெரியாது. விடுதிக்காரரும் கேட்கவில்லை. மதிலுக்கு மேல் அந்த முகத்தைப் பார்த்தவர் அவர். அன்று மாலை முதலே கேன் கேனாகத் தண்ணீர் இறங்கியது. வெள்ளிக்கிழமை மாலை நான் போனபோது கடையில் நிற்க இடமில்லை. ஒரு அட்டையில் ‘இங்கே கேன் தண்ணி டீ’ என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார். எனக்கும் ஒன்று போட்டுக் கொடுத்தார்.

“குடிங்க சார். ஆட்டு வாசனை வராது.”

குடித்தேன். பிள்ளைகளின் வயதைக் கேட்டேன். ஒன்றுக்கு நான்கு, ஒன்றுக்கு ஏழு. இரண்டும் தேறிவிட்டதாகச் சொன்னார்.

அறிக்கையில் டயரியின் அந்த வியாழக்கிழமைப் பக்கத்தை நகல் எடுத்து இணைத்தேன். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. விளக்கம் இரண்டு வரிதான்: ஹோஸ் ஓடியதைக் கண்டேன். அதன் பொருளைக் காணவில்லை. நோட்டில் எழுதியதாலேயே ஒன்றைப் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்வது என்னைப் போன்ற ஒழுங்கானவர்களுக்கு வரும் நோய். உங்களிலும் இரண்டொருவர் இருப்பீர்கள், முன் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டு.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு லாரி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி மூடி எங்கே என்று கேட்டார். எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனேன். அதற்கு அடுத்து சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரரின் கிணறு. அதுவும் கோடையில் வற்றுவதில்லை. அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் தலையாட்டியிருக்கிறேன்.

சத்தம் கேட்டு என் மனைவி வெளியே வந்தார்.

“நல்லா இருக்கற டேங்க்க எதுக்குங்க நோண்டறீங்க?”

“நல்லா இருக்கறதாலதான்” என்று சொல்லிவிட்டுக் கடப்பாரையை ஊன்றினேன்.